அப்பாவின் தூக்க மாத்திரை

பெண் பார்க்கப் போகும்போதெல்லாம், அப்பாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையில் ஒன்றை விழுங்கிவிட்டுத்தான் கிளம்புவேன். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று வீட்டில் சொல்லத் தைரியமில்லை. மாத்திரை போட்டால் பயம் தெரியாது. பொம்மை மாதிரி சிரிப்பேன். போகப் போக, அது இல்லாமல் ஆபீசுக்குக்கூடப் போக முடியவில்லை. அப்பாவின் மருந்துச் சீட்டைக் காட்டி நானே வாங்க ஆரம்பித்தேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில், தனியாகப் பேசச் சொல்லி எங்களை மாடிக்கு அனுப்பினார்கள். அந்தப் பெண் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். என் நாக்கு குழறுவதைக் கேட்டதும், "என்ன மாத்திரைங்க போட்டிருக்கீங்க?" என்றாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"திடீர்னு நிறுத்திடாதீங்க. டாக்டரைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. கீழ போய், பிடிக்கலைன்னு நானே சொல்லிடறேன்," என்றாள்.

சொன்னாள். பாலக்கரையில் எங்கள் வீடு வந்து சேரும்வரை அம்மா அவளைத் திட்டித் தீர்த்தாள்.

டாக்டரிடம் போனேன். மாத்திரையை முழுசாக விட மாதக்கணக்கானது. அதன்பிறகு ஒருநாள் அம்மா அடுத்த பெண்ணின் போட்டோவை நீட்டினாள்.  இந்தத் தடவை நாக்கு குழறவில்லை.

"இனிமே எனக்குப் பொண்ணு பார்க்காதம்மா. எனக்கு ஆம்பளைங்களைத்தான் பிடிக்கும்."

அம்மா அழுதாள். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு மாத்திரை தேவைப்பட்டது அப்பாவுக்குத்தான். நான் படுத்ததும் தூங்கிவிட்டேன்.