பெண் பார்க்க வந்த கடல்குதிரைகள்

பெண் பார்க்க வருகிறவர்கள் பூ, பழம், இனிப்போடு வருவார்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகளைப் பார்க்க வந்தவர்கள் கூடவே ஒரு கிரிமினல் கேஸையும் கொண்டுவந்தார்கள்!

நிவேதாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்டிமடத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் என் அண்ணன் கலியபெருமாளின் ஒரே மகள். பாக் நீரிணைப் பக்கம் கடலில் முங்கி, கடல்குதிரைகளை ஆராய்ச்சி செய்கிறாள். கடற்புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கிற விரல் நீள மீனைத் தேடிப் பிடித்து, அளந்து, ஆணா பெண்ணா என்று குறித்து, போட்டோ எடுத்து, அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும். அதுதான் வேலை. "அங்கயே விட்டுட்டு வர்றதுக்கா இவ்ளோ படிச்சே?" என்று அண்ணன் கேட்காத நாளில்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? டைனோசர் காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். நம் ஊரைப் பார்த்துவிட்டு அப்போதே கிளம்பிவிட்டது. அது விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லைத்தான் இன்னும் சிமென்ட் ஆக்கிக்கொண்டிருக்கிறோம்.

வந்த வரன்களெல்லாம் "பொண்ணு தண்ணிக்குள்ள முங்குதாமே, கறுத்துடாதா?" என்று விசாரித்துவிட்டுக் காணாமல் போனார்கள். கடைசியில் கீழப்பழுவூர் பிரபு அமைந்தான். பேங்க் வேலை. இரண்டு பேரும் போனில் பேசினார்கள். நிவேதாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று... ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளாகவே தலைக்கு மல்லிகை கேட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! இதுவும் தட்டிப்போய்விடக் கூடாதே என்று அண்ணி வேண்டாத சாமியில்லை.

கேசரி, வடை, காபி. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, பிரபுவின் அம்மா ஹேண்ட்பேக்கைத் திறக்கும்வரை.

"பொண்ணுக்கு இதுன்னா உசுருன்னு பிரபு சொன்னான். கடலோரமா கோயிலுக்குப் போனப்ப, கடை கடையா ஏறி எறங்கி வாங்கியாந்தோம்மா!"

கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பு வெல்வெட். அதன்மேல் காய்ந்து விறைத்த இரண்டு கடல்குதிரைகள். ஜோடியாம்!

நிவேதாவின் முகம் செத்துப்போயிற்று. அண்ணன் எதிரில் உட்கார்ந்து கண்ணாலேயே கெஞ்சுகிறார் — சிரி, வாங்கி வெச்சுக்க, அப்புறம் பாத்துக்கலாம்...

"எங்க வாங்குனீங்க ஆன்ட்டி?"

"ஏம்மா, இன்னும் ரெண்டு வேணுமா?"

"இல்லைங்க. இதை விக்கிறதும் குத்தம், வாங்குறதும் குத்தம்."

பிரபுவின் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "என்னம்மா, புலித்தோலா இது?"

"புலிக்கு என்ன சட்டமோ அதேதாங்க அங்கிள் இதுக்கும்."

கடித்த வடையை அவர் அப்படியே தட்டில் வைத்துவிட்டார்.

அதோடு நிறுத்தினாளா மகராசி? "இது ஜோடியும் இல்லைங்க. ரெண்டுமே ஆண். இதோ, வயித்துப் பை உப்பியிருக்கு பாருங்க. குட்டியச் சொமந்துக்கிட்டு இருக்கறப்ப எறா வலையில மாட்டியிருக்கு."

"ஆம்பளையா சொமக்குது?" — சமையலறையிலிருந்து அண்ணி கரண்டியோடு ஓடிவந்தாள். "அடி ஆத்தி, நமக்கு அந்தக் குடுப்பினை இல்லாமப் போச்சே!"

வீடே சிரித்தது. நிவேதா சிரிக்கவில்லை. "நாளைக்கு இதை வனத்துறை ஆபீஸ்ல ஒப்படைக்கணும். எந்தக் கடைன்னும் சொல்லியாகணும்" என்றாள்.

சிரிப்பு நின்றது. பிரபுவின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆசையா வாங்கியாந்தா போலீஸாட்டம் பேசறியேம்மா!" என்று பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்துவிட்டார். "வூட்டுக்குப் போயி கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றார் அவர் கணவர். வேண்டாம் என்பதற்கு எங்கள் பக்கம் இதைவிட மரியாதையான வார்த்தை கிடையாது. பிரபு நிவேதாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே அவர்கள் பின்னால் போனான்.

கார் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், அண்ணன் குதித்தார். "செத்துப்போன ரெண்டு மீனுக்காக வாழ்க்கையக் கெடுத்துக்கிட்டியே!"

"நான் தண்ணிக்குள்ள ஒண்ணொண்ணாத் தேடிக்கிட்டிருக்கேன்ப்பா. மேல கடையில கொத்துக் கொத்தாத் தொங்குது. கல்யாணத்துக்காக இதைப் பாத்துச் சிரிச்சேன்னா, அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு முங்குறது?" என்று கேட்டவள், தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு அவளை ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. கட்டிக்கொள்ளலாமா என்றும் இருந்தது.

அந்தம்மாவும் பாவம்தானே? பிரியத்தில் செய்தது. நமக்கு ஒன்றைப் பிடித்துவிட்டால் அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று விட மனசு வருவதில்லை. கிளியைப் பிடித்தால் கூண்டு, மானைப் பிடித்தால் சுவரில் கொம்பு! நமக்குப் பிடிக்காமல் போனதால் பிழைத்த ஜீவன்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். கரப்பான்பூச்சி ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறதே!

திங்கட்கிழமை நிவேதா பெட்டியோடு போனால், வனத்துறை ஆபீஸ் வாசலில் பிரபு. "வாங்குனது நாங்க. நீங்க ஏன் தனியாப் போய் நிக்கணும்?" என்றானாம். நடந்ததையெல்லாம் அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். சரி, பையன் தங்கம். ஆனால் அம்மா?

மறுநாள் சாயங்காலம் அந்தம்மாவே போன் பண்ணினார். அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள். நிவேதா நகத்தைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள்.

"எங்க நாத்தனா வூட்டுலயும் ஒண்ணு இருந்துச்சுங்க. மூச்செரைப்புக்கு நல்லதுன்னு எவனோ சொன்னான்னு வாங்கி வெச்சிருந்தா. நேராப் போயி, 'ஜெயிலுக்குப் போவணுமா, எடுடி வெளியில'ன்னு புடுங்கியாந்துட்டேன்!"

அந்தக் குரலில் என்ன ஒரு குதூகலம்! நாத்தனார் வீட்டில் ரெய்டு நடத்துகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்.

அண்ணி மெல்ல இழுத்தாள். "அப்ப... கல்யாண விஷயம்...?"

"அதுல யோசிக்க என்னங்க இருக்கு? இந்தப் பொண்ணை வெளியில விட்டு வெச்சா எங்க மேலயே கேஸ் போட்டுடும். வூட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சிக்கிறதுதான் எங்களுக்குப் பாதுகாப்பு!"

இவள் வீட்டுக்குள் வந்த பிறகுதான் கேஸே ஆரம்பிக்கும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.