வெட்டக் காத்திருந்த பூசணிக்காய்

ஐப்பசி பிறந்தால் இங்கே ரொறன்ரோவில் பூசணிக்காயைத் தொட்டாலே கை குளிரும். தோலில் ஒட்டியிருக்கிற பனியைத் துடைத்தால் உள்ளேயிருந்து மஞ்சள் வெயில் எழும்பி வருகிற மாதிரி இருக்கும். அஜின்கோர்ட் பகுதியில் வயது போனவர்களுக்குப் படம் கீறப் பழக்குகிற வகுப்பில், வெள்ளைத் துணி விரித்த மேசையில் அப்படி ஒரு பூசணிக்காயையும் இரண்டு மூன்று பீற்றூட்டையும் உரிக்காத சோளப் பொத்தியையும் வைத்துவிட்டு, "ஆறுதலாப் பாத்துக் கீறுங்கோ அன்ரி, இதுகள் ஒண்டும் ஓடிப்போகாது" என்று படிப்பிக்கிற பிள்ளை சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் எங்கள் வீட்டில் எந்த மரக்கறி ஓடாமல் இருந்தது? சந்தையால் வந்த கையோடு சட்டிக்குள் போய்விடும்.

பூசணிக்காய் ஒன்றுதான் தப்பும். முழுக்காயில் பெண்கள் "முதல் வெட்டு" வெட்டக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஐயா, எங்கள் அப்பா, வவுனியாவில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார், சனிக்கிழமைகளில்தான் வருவார். அதுவரை குசினி மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில், கூரை ஓட்டையால் இறங்குகிற வெளிச்சத்தில், அது பெரிய மனுசர் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்தால் மறித்த வருசம், தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். காலையில் ஒரு நிறம், மத்தியானம் வேறொன்று. கண் சொக்கினால் அது மெல்ல மூச்சு விடுவது போலவும் இருக்கும்.

ஒருமுறை சீனி சுற்றி வந்த கடதாசியை விரித்து, அடுப்புக்கரியால் அதைக் கீறத் தொடங்கினேன். ஐயா வரமுன்னம் முடிக்கவேணும் என்பதுதான் என் ஒரே கவலை. பாதி வந்திருக்கும், வெள்ளிக்கிழமையே சித்தப்பா வந்து நிற்கிறார்.

அம்மா கத்தியை நீட்டினா. "நல்ல நேரத்தில வந்தாய் தம்பி. ஒரு வெட்டுப் போட்டுத் தா, கறிக்கு ஒண்டும் இல்லை."

எப்போதும் வாயே திறக்காத நான், "இப்ப வேண்டாம்" என்றேன்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தா. "பாருங்கோ, பூசணிக்காய்க்குச் சொந்தக்காரி வந்திட்டா!"

"படத்தைச் சோத்தோட குழைச்சுத் தின்னலாமோ?" என்றா அம்மா.

சித்தப்பா கடதாசியை எட்டிப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பலகையில் குந்தினார். "கீறி முடி பிள்ளை. நான் இருக்கிறன்."

உலை கொதித்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அக்காகூடச் சிரிப்பை நிறுத்திவிட்டா. அவ்வளவு கண்களுக்கு முன்னால் கரித்துண்டு விரலுக்குள் வழுக்கியது, ஒரு கோடும் வரவில்லை. தங்கச்சி பசியில் சிணுங்கத் தொடங்கினாள். கடைசியில் நானே கடதாசியை மடித்துவிட்டு, "வெட்டுங்கோ சித்தப்பா" என்றேன். கறி நல்ல இனிப்பு. நானும் இரண்டாம் தரம் வாங்கித் தின்றேன்.

அந்தக் குசினி இப்போது இல்லை. அதில் இருந்தவர்களில் நான்தான் மிச்சம். இங்கே கடையில் பூசணிக்காய் துண்டு துண்டாகச் சுற்றியும் வருகிறது, முதல் வெட்டுக்கு யாரும் ஆம்பிளையைத் தேடுவதில்லை. வகுப்பில் அந்தப் பிள்ளை பின்னால் வந்து நின்றால் இன்றைக்கும் என் கை நின்றுவிடுகிறது. அதனால் முழுக்காய் ஒன்றை வாங்கி வைத்து, மகளும் மருமகனும் வேலைக்குப் போனபிறகு யன்னலோரம் இருந்து கீறுகிறேன். விழுகிற இலைகளின் நிழல் அதன்மேல் வந்து வந்து போகிறது. பின்னேரத்துக்கிடையில் படம் முடிந்துவிடுகிறது. முடிந்தது என்று சொல்ல நிமிர்ந்தால், பசியோடு காத்திருக்க ஒருவரும் இல்லை.