சாணிவண்டுக்குக் காய்ச்சல்

ஐம்பதுகளில் கிருஷ்ணகிரிப் பள்ளி ஒன்றில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தபோது, பழைய கிரேக்க நாடகம் ஒன்றைத் தமிழில் மேடையேற்றினேன். யுத்தத்தால் நொந்துபோன குடியானவன் ஒருவன், சாணிவண்டுக்குத் தீனி போட்டுக் குதிரை அளவு வளர்த்து, அதன்மேல் ஏறி வானுலகம் போய், அங்கே குகையில் அடைபட்டிருக்கும் சமாதான தேவதையை மீட்டு வருகிறான். யுத்தகால ரேஷன் அரிசியில் கல் பொறுக்கியவர்களுக்கு இது புரியாமல் போகாது என்று நம்பினேன். மொழிபெயர்த்தது நான். குடியானவனும் நானே. பக்கம் பக்கமாக வசனம்.

வண்டு, எங்கள் டிராயிங் மாஸ்டர். ஒரு வசனம்கூடக் கிடையாது. கறுப்புக் கம்பளியைப் போர்த்தி, முதுகில் இரண்டு முறத்தைக் கட்டி, கைகளை ஊன்றி, களிமண்ணில் பிடித்த சாணி உருண்டையைக் காலால் தள்ளியபடி பின்புறமாகவே மேடைக்கு வந்தார். பேரிகை கிராமத்திலிருந்து வந்திருந்த விவசாயிகள் தினம் பார்க்கிற வண்டு அது. உருண்டை தப்பி ஓடியதும் நின்று, தலையைத் திருப்பி, கூட்டத்தை முறைத்தார். கொட்டகையே குலுங்கியது. சமாதானத்தைப் பற்றி நான் தொண்டை வறளப் பேசியபோதும் முன்வரிசை வண்டையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி, “ஏங்க, அந்த வண்டு யாருங்க?”

“நான் எப்படி?”

“நல்லாத்தான் பேசுனீங்க. கொஞ்சம் நீளம்.”

அடுத்த மாதம் ஓசூரில் ஆடக் கூப்பிட்டார்கள். மேடை சின்னது, வண்டு வேண்டாம், ஏணி போதும் என்றேன். “சரிங்க சார்” என்றார் டிராயிங் மாஸ்டர். ஏணிக்கு வர்ணமும் அவரே அடித்துக் கொடுத்தார். அதில் ஏறி வானுலகம் போனேன். ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ கொட்டாவி விட்டது மேடைவரை கேட்டது.

திரும்பும் பஸ்ஸில் மனைவி, “வண்டு ஏங்க வரல?” என்றாள்.

“அவருக்குக் காய்ச்சல்” என்று புளுகினேன்.

மறுநாள் காலையில் தூக்குச்சட்டியில் மிளகு ரசத்தோடு கிளம்பிவிட்டாள். “பாவம், பாத்துட்டு வரலாம் வாங்க.” தடுக்க வழி தெரியாமல் பின்னால் போனேன்.

கதவைத் திறந்தவர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். “காய்ச்சல் எப்படிங்க இருக்கு?” என்றாள் இவள். அவர் தூக்குச்சட்டியைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, லேசாக நடுங்கி, இரண்டு தரம் இருமினார். இவள் பதறிப்போனாள்.

என் மானம் தப்பியது. அவருக்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ, அந்த நடுக்கம் ஏழு ஜென்மம் எடுத்தாலும் எனக்கு வராதே என்றுதான் பற்றிக்கொண்டு வந்தது.