கலியாணம் முடியட்டும்

சீயாக்காய் வைத்து முழுகிய தலைமயிரின் ஈர வாசனையும் ஜன்னலால் வரும் கடலின் உப்பும் கலந்தால் எனக்கு அது அம்மா. வெள்ளவத்தையில், ரயில் போகும்போதெல்லாம் கண்ணாடிகள் அதிரும் எங்கள் சின்ன பிளாட்டில், பாடசாலை விட்டு வந்ததும் பாயில் அவளுடைய வலப்பக்கம் ஒட்டிப் படுத்துக் கதையளப்பதுதான் பத்து வயதில் நான் கண்ட சொர்க்கம்.

ஒரு நாள் அம்மா, "மற்றப் பக்கம் வா, பிள்ளை" என்றாள். வளர்ந்துவிட்டேன் என்று ஒதுக்குகிறாளாக்கும் என நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவளுடைய வலது மார்பில் கட்டி ஒன்று இருந்ததைத் தற்செயலாகக் கண்டவள் அக்காதான். டொக்டரிடம் போவோம் என்று அவள் அழ, அம்மா தன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாளாம்.

"தாய்க்கு இருந்தா மகளுக்கும் வரும் எண்டு சொல்லுவினம். இங்க ஆஸ்பத்திரிக்குப் போனா அங்க கொட்டாஞ்சேனைக்குக் கதை போயிடும். உன்ர கலியாணம் முடியட்டும்."

கொட்டாஞ்சேனையில்தான் மாப்பிள்ளை வீடு. இரண்டு வீட்டாரும் கூடிச் சம்பந்தம் பேசும் ‘பேச்சுக்கால்’ முடிந்து நாள் பார்த்தால் ஆடி மாதம் குறுக்கே வந்தது. ஆடி போக, மாப்பிள்ளை வீட்டில் ஒரு செத்தவீடு, அந்தத் ‘துடக்கு’ கழியவேண்டும் என்று கலியாணம் தள்ளிப் போய்க்கொண்டேயிருந்தது. அம்மா கட்டிக்குத் தைலம் பூசிக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல் கலியாணப் பலகாரம் சுட்டாள்.

மணவறையில் அம்மா இடக்கையால் அட்சதை தூவினாள். வலக்கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. சனம் அபசகுனம் என்று முணுமுணுக்க, மாப்பிள்ளையின் தாய் மட்டும் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமி என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். மறுநாள் விடிந்ததும் அவர் ஆட்டோவில் வந்திறங்கி, அம்மாவைத் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நோய் நெஞ்சுக்கூடு வரை பரவிவிட்டது என்று அங்கே சொன்னார்கள்.

அம்மாவின் செத்தவீட்டில் அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மாமி குழறி அழுதது இன்னும் என் காதில் கிடக்கிறது.

"எனக்கும் இருந்ததடி! ஒரு பக்கம் எடுத்துப்போட்டுத்தான் உயிரோட நிக்கிறன். நீங்கள் சம்பந்தம் வேண்டாம் எண்டிடுவியளோ எண்டு பயந்து, நானும் மகன்ர கலியாணம் முடியட்டும் எண்டெல்லோ வாய் திறக்காமல் இருந்தனான்!"

இப்போது எங்கள் பிளாட் இருந்த இடத்தில், கடலை மறைத்துக்கொண்டு அடுக்குமாடி ஒன்று நிற்கிறது. மாமி இருக்கிறார். வருஷம் தவறாமல் அக்காவையும் என்னையும் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போகிறார். போகிற வழியில் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவளிடமெல்லாம் தன் கதையைச் சத்தமாகச் சொல்லுவார். எங்களுக்குக் கூச்சமாக இருந்தாலும் தடுப்பதில்லை. ஆனால் அவருடைய நரைத்த தலையைப் பார்க்கிறபோதெல்லாம், அம்மாவுக்கும் இப்போது நரைத்திருக்குமே என்று மனம் ஏங்கிப் போகும்.

பேச்சுக்கால் நடந்த அன்று பின்னேரம் முழுவதும் அந்த இரண்டு தாய்மாரும் எங்கள் வீட்டில் எதிரெதிரே இருந்து, தேத்தண்ணி குடித்து, சாதகம், சீதனம், சாரி என்று எல்லாம் கதைத்தார்கள். யாராவது ஒருத்தி இதையும் கதைத்திருக்கலாம்.