லூசியா நாளில் ரொட்டி

டிசம்பர் பதின்மூன்றாம் தேதி பலேர்மோவில் எவனும் ரொட்டி சுடமாட்டான். பாஸ்தாவும் கிடையாது. என்றோ ஒரு பஞ்சத்தில் புனித லூசியா கப்பல் நிறையக் கோதுமை அனுப்பினாளாம்; மாவு அரைக்கக்கூடப் பொறுக்காமல் சனம் அதை அப்படியே அவித்துத் தின்றதாம். அந்த நன்றிக்கு அன்று முழுக்க அவித்த கோதுமையும் பொரித்த அரிசி உருண்டையும்தான். மீறினால் கண் போகும் என்பார்கள். கண்ணுக்குக் காவல் லூசியாதானே! கடவுளே இல்லை என்று வாய் கிழியப் பேசும் என் மச்சான்கூட அன்று ரொட்டியைத் தொடமாட்டான்.

நின்ஃபா அக்கா தொடுவாள். பல்லாரோ சந்தையில் என் ஆலிவ் கடைக்கு எதிரே எட்டுக்கால் பேய்க்கணவாய் அவித்து விற்கிறவள். ஒரு காலத்தில் அவளைப்போல் லூசியாவுக்கு நோன்பிருந்தவர்கள் இல்லை. வெறுங்காலோடு மெழுகுவர்த்தி ஏந்திப் போவாள். அப்படியிருந்தும் இடது கண் அவிந்தது. அந்த வருடத்திலிருந்து லூசியா நாள் வந்தால் நட்டநடுச் சந்தையில் நின்று, முதல் நாள் வாங்கி வைத்த ரொட்டியை எல்லோரும் பார்க்கத் தின்பாள். பெண்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் அதைப் பொருட்படுத்தியதே இல்லை.

இந்த வருடம் வலது கண்ணும் தகராறு செய்தது. பதினான்காம் தேதி காலையில் அறுவை சிகிச்சை. கண் பிழைத்தால் பார்வை, இல்லாவிட்டால் இருட்டு என்று மருத்துவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். துணைக்கு இருக்க வடக்கே பெர்காமோவிலிருந்து அவள் தோழி ஒர்னெல்லா வந்திருந்தாள். இளம் வயதில் ஒரு விடுதியில் இருவரும் சேர்ந்து துணி வெளுத்தவர்கள்.

"ஓய்வெடுக்கச் சொன்னா ஊர் சுத்தணுங்கிறா. என்னால தனியா இவள கட்டி மேய்க்க முடியாது, நீயும் வாப்பா," என்றாள் ஒர்னெல்லா என்னிடம். லூசியா நாள் காலையில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

முதலில் பழைய ஓவியங்கள் வைத்திருக்கும் அபத்தெல்லிஸ் மாளிகை. எலும்புக் குதிரையில் சாவு பாய்ந்து வரும் பெரிய சுவரோவியத்துக்கு முன்னால் நின்ஃபா வெகுநேரம் நின்றாள். மூக்கு முட்டும் அளவுக்கு நெருங்கிப் போனதால் காவலாளி இருமிக் காட்டினான்.

"பாருடி, பட்டும் நகையும் போட்டவங்கள எல்லாம் அம்பு விட்டுச் சாய்க்கிறான். இந்த மூலையில பிச்சைக்காரங்க வா வான்னு கூப்பிடுறாங்க, திரும்பிக்கூடப் பாக்கல. மேல இருக்கறவங்க எல்லாருமே இப்படித்தான்."

"வாயக் கழுவுடி," என்றாள் ஒர்னெல்லா.

வெளியே வந்து ஆளுக்கொரு அரிசி உருண்டை தின்றோம். நின்ஃபா இரண்டு தின்றாள். பிறகு எங்கள் சந்துக் கோயிலுக்கு அவளே இழுத்துப் போனாள். அங்கே பீடத்துக்கு மேல் லூசியா படம்: முகத்தில் இரண்டு கண், கையிலுள்ள தட்டில், அவளைக் கொன்றவர்கள் பிடுங்கியதாகச் சொல்லும் இரண்டு கண்.

ஒர்னெல்லா முழங்காலிட்டாள். அவள் ஊரில் லூசியாதான் கழுதையில் வந்து பிள்ளைகளுக்குப் பொம்மை கொடுப்பவள். சின்ன வயதுப் பாசம், எளிதில் விடுமா? நின்ஃபா நின்றபடியே படத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏம்மா, உனக்கு நாலு கண்ணு இருக்கே. தட்டுல இருக்கறது சும்மாதான கெடக்கு? ஒண்ணு கொடுத்திருந்தா குறைஞ்சா போயிருப்ப?"

கோயிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

நடுப்பகலில் சந்தைக்குத் திரும்பினோம். எல்லோரும் எதிர்பார்த்தே நின்றார்கள். ரொட்டிக்கடைக்காரன் தொத்துச்சியோ கையெடுத்துக் கும்பிட்டான். "இந்த ஒரு வருசம் மட்டும் விட்டுடு நின்ஃபா. நாளைக்கு ஆபரேசன். லூசியாவ வம்புக்கு இழுக்காத."

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள் கேட்பாளா? பையிலிருந்து ரொட்டியை எடுத்தாள். ஒர்னெல்லா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காகடி. உனக்குப் பயமே இல்லையா?"

"குலை நடுங்குதுடி," என்றாள் நின்ஃபா. குரல் உடைந்தது. "ராத்திரி எல்லாம் தூக்கமில்ல. அதுக்காக இன்னைக்கு மட்டும் நல்லவளாயிட்டா அது பக்தியா? லஞ்சம். நான் வேண்டிக்கிட்டப்ப அவ கேக்கல. இப்ப நடுங்கிக்கிட்டு அவ கால்ல விழமாட்டேன். கண்ணு போனாலும் நான் நானாத்தான் இருப்பேன்."

நின்ஃபா ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோனாள். ஒர்னெல்லா வெடுக்கென்று அதைப் பிடுங்கினாள். தூர எறியப்போகிறாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். இரண்டாகப் பிய்த்து, பாதியை நின்ஃபாவின் கையில் திணித்துவிட்டு, மறுபாதியைக் கடித்தாள் அந்தப் பெர்காமோக்காரி. காய்ந்த ரொட்டி, கண்ணீர் வழிய வழிய மென்றாள்.

நின்ஃபாவுக்கு முகம் வெளிறிவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"துப்புடி! பைத்தியமே, துப்பு! உனக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருக்குடி!"

ஒர்னெல்லா விழுங்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"அவ கோவத்துல எனக்கும் பாதி இருக்கட்டும். சாப்பிடு."