இவர் ஏன் உடனே ஒத்துக்கிட்டார்?

இன்னிக்கு எங்க காலேஜ் மீட்டிங்ல, செகண்ட் இயர் பிள்ளைங்களுக்கு எலக்ட்ரோமேக்னெடிக்ஸ் பாடப்புத்தகம் எதுன்னு முடிவு பண்ணோம்.

இப்ப இருக்கறது முதல் பக்கத்திலேயே வெக்டர் கால்குலஸ். பாதி கிளாஸ் அங்கேயே பயந்து ஒதுங்கிடுது. நான் சொன்ன புத்தகம் படங்களோட நிதானமா ஆரம்பிக்கும், கணக்கை அங்கங்கே சொல்லிக் கொடுக்கும்.

சீனியர் சிவக்குமார் சார் நான் எதைச் சொன்னாலும் மறுப்பார். சண்டைக்குத் தயாரா போயிருந்தேன். மனுஷன் ரெண்டு பக்கம் புரட்டிட்டு, "இதையே வெச்சுக்கலாம்"னுட்டார்.

எனக்கு நம்பிக்கை வரல. எழுதினவர் இவருக்குச் சொந்தமோன்னு முன்னுரை, நன்றியுரை எல்லாம் தேடினேன். ஒண்ணும் கிடைக்கல.

சாயங்காலம் காலேஜ் பஸ் ஒரகடத்துல கம்பெனி பஸ்ஸுங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நின்னப்ப, நேராவே கேட்டுட்டேன்.

"இன்னா மேடம், ஒத்துக்கிட்டாலும் தப்பா?"ன்னு சிரிச்சார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"எம்பொண்ணு நம்ம காலேஜ்தானே, இப்ப செகண்ட் இயர் வரா. நான் சொல்லிக்குடுத்தா அழுதுடுவா. மீட்டிங்குக்கு முன்னாடி பாக்கச் சொல்லி நீங்க குடுத்த சாம்பிள் காப்பி வூட்ல கெடந்துச்சு. அவளே எடுத்து ரெண்டு சாப்டர் படிச்சுட்டு, 'இது புரியுதுப்பா'ன்னா."

இத்தனை நாளா இந்த மனுஷனைத் தப்பா நினைச்சுட்டோமேன்னு மனசு இளகிடுச்சு.

சேரப்பணஞ்சேரியில இறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அந்த கிளாஸ் நீங்கதானே எடுக்கறீங்க? கொஞ்சம் பாத்துக்குங்க மேடம்."

பாத்துக்கச் சொன்னது பாடத்தையா, நான் போடப்போற இன்டர்னல் மார்க்கையா? வாத்தியார் வேலையில இருக்கறவங்க யாராவது சொல்லுங்களேன்.