எட்டாம் தட்டில் திரும்பாத பாடகன்

போன ஜனவரியில் ஒரு ஞாயிறு மாலை, புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். மேடைக்கு ஏழு படிகள், கைப்பிடி ஒரு பக்கம்தான். எழுபத்தெட்டு வயதில் அவற்றில் ஏறி, டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தேன்.

அறுபதுகளில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ராக் இசைக்குழு வைத்திருந்தோம். ஒரு வெளிநாட்டு இசைத்தட்டு உறையில் இருந்த படத்தைத் தையல்காரரிடம் காட்டி, எல்லாருக்கும் ஒரே மாதிரி சிவப்புக் கோட்டு தைத்துக்கொண்டோம். அதுவே வினையானது. முதல் கல்யாணத்தில் எங்களை ஊர்வலத்தில் நடந்து வாசிக்கும் பேண்டு என்று நினைத்த மாப்பிள்ளையின் மாமா, "பேண்டு செட்டு வந்துடுச்சி, காரை எடுங்கப்பா!" என்று கத்திவிட்டார். டிரம்ஸை எப்படிச் சுமந்துகொண்டு நடப்பது? நான் பதறினேன். எங்கள் பாடகன் அசரவில்லை. என்னையும் டிரம்ஸையும் ஒரு கைவண்டியில் ஏற்றிவிட்டு, மாப்பிள்ளை காருக்கு முன்னால் ஆடிக்கொண்டே பாடினான். ஊர்வலம் முடிவதற்குள் எங்கள் பின்னால் தெருவே திரண்டுவிட்டது. பிறகு கடலூர், விழுப்புரம் என்று அழைப்புகள் வந்தன. எல்லாரும் கேட்டது, "அந்தக் கைவண்டியும் வருமில்ல?"

அவனுடைய பெரிய வித்தை வேறு. கடைசிப் பாட்டுக்கு முன், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி என்னைப் பார்த்தபடி நிற்பான். நான் எட்டுத் தட்டு தட்டுவேன். எட்டாவதில் சுழன்று திரும்பிப் பாட்டை எடுக்க வேண்டும் என்று பேச்சு. ஒருநாளும் எட்டில் திரும்பியதில்லை. நான் எட்டோடு குச்சியை நிறுத்திவிடுவேன்; அவன் பத்து, பன்னிரண்டு எண்ணும் நேரம் வரை இழுப்பான். கூட்டம் அலறும். கேட்டால், "எட்டுல திரும்பலன்னா வானம் இடிஞ்சி வுழுந்துடுமாடா, கணக்கு?" என்பான். கணக்கு என்பது எனக்கு அவன் வைத்த பெயர்.

அவன் பிரான்சுக்குப் போனதும் குழு கலைந்தது. போன ஜனவரியில் பேத்தியின் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவன், வரவேற்பில் ஒரே ஒரு பாட்டு வாசிக்க வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டான். பழைய ஆட்களில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். கிதாருக்கு வெளியாட்களை அமர்த்தினான். பேத்தி முன்னால், பிரெஞ்சுச் சம்பந்திகள் முன்னால், இந்தக் கிழவன் கேலிக்கு ஆளாகிவிடக் கூடாதே என்பது என் கவலை. "இந்த வாட்டியாவது எட்டுல திரும்புடா" என்று காலையிலிருந்து கெஞ்சினேன். என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

மேடையில் என் பக்கம் திரும்பி நின்றான். தட்டினேன். எட்டும் ஆயிற்று. அசையவில்லை. வந்த கோபத்தில் அவனை முறைத்தேன். அப்போதுதான் முகத்தைக் கவனித்தேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கண்கள் பிதுங்க நின்றான். மேல் வரிசைப் பல் செட்டு கழன்றுவிட்டது!

"நிறுத்தாதடா..." என்று குழறினான்.

வாழ்க்கையில் முதல்முறையாக நான் எட்டைத் தாண்டினேன். பதினாறு, இருபத்து நாலு. கூட்டம் கூடவே கைதட்டத் தொடங்கியது. எல்லாரும் அவனையே பார்த்ததால், பார்வையைத் திருப்ப ஒரு குச்சியை உயரே வீசினேன். தோளை உயர்த்தவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிடிக்க முடியவில்லை. அது முன்வரிசையில் பிரெஞ்சுச் சம்பந்தியின் மடியில் போய் விழுந்தது. அவர் எழுந்து, எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, அதே குச்சியால் நாற்காலியைத் தட்ட ஆரம்பித்தார். மண்டபமே அவரைப் பார்த்துச் சிரித்தது. அந்த இடைவெளியில் பல் ஏறிவிட்டது.

நாற்பதாவது தட்டில் சுழன்றான். முழங்கால் பாதித் திருப்பத்துக்குத்தான் இடம் கொடுத்தது; மீதியை அடியெடுத்து வைத்துத் திரும்பினான். குரல் முழுசாக வந்தது.

பாட்டு முடிந்ததும் பேத்தி ஓடிவந்து, "என்னா ஸ்டைலு தாத்தா! எவ்ளோ நேரம் காக்க வெச்சீங்க!" என்று அவனைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "பாத்தியா கணக்கு, நாப்பது வரைக்கும் நிக்கலாம். நீதான் எட்டு எட்டுன்னு என் உயிர வாங்கின."

இன்றும் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்; ஆனால் யாராவது உரிய நேரத்தில் திரும்பாமல் நின்றால், முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறேன், அவர் திரும்பும்வரை தட்டுவதை நிறுத்துவதில்லை.